பள்ளத்து மைதானம்

அந்தப் புறநகரில் அவருடைய பெயர் பலருக்குத் தெரியாது. நகராட்சி அலுவலகத்தின் திட்டப் பிரிவில் முப்பத்து மூன்று வருடமாக வரைபடம் போடுகிறவர். ஆனால் கடைத்தெருவில் நடந்தால், "அதோ, ரெண்டாங்கட்டம் போறாங்க" என்றுதான் சொல்வார்கள். காதில் விழுந்தாலும் அவர் கோபப்பட மாட்டார். "ஆமா, போறேன். என்ன வேணும்?" என்று திரும்பி நிற்பார்.

பெயர் வந்த கதை சின்னது. வயலும் புதருமாகக் கிடந்த இடத்தில் வீடுகள் காளான் மாதிரி முளைத்த காலத்தில், நகராட்சி பதினைந்து வருடத் திட்டம் ஒன்றைப் போட்டது. முதல் கட்டத்தில் பெரிய தெருக்களுக்குச் சாலை, விளக்கு, மழைநீர் வடிகால். இரண்டாம் கட்டத்தில் பூங்கா, மைதானம், நடைபாதை, சின்னத் தெருக்களுக்கு விளக்கு. மூன்றாம் கட்டத்தில் நூலகம், நீச்சல் குளம், உள்ளரங்கம். வரைந்தது அவர்தான். அதனால் விசாரணை ஜன்னலுக்கு வருகிறவர்களையெல்லாம் அங்கிருந்த எழுத்தர் நேரே அவர் மேஜைக்குத் தள்ளிவிடுவார்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் தெருவுக்கு விளக்குக் கேட்டு மூன்று வருடம் நடந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "ரெண்டாங்கட்டத்துல வரும் ஐயா." நாலாவது வருடம் தபால்காரர் சொன்னார்: "அம்மா, என் கண்ணே ரெண்டாங்கட்டத்துக்கு வந்திருச்சு. இனிமே நீங்க விளக்குப் போட்டா என்ன, போடாட்டி என்ன?"

அலுவலகமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, விளக்குத் தர முடியாத குறைக்குத் தபால்காரரைத் தன் கணவரின் கண்ணாடிக் கடைக்கு அனுப்பி, லாபமில்லாத விலையில் ஒரு கண்ணாடி போட்டுக் கொடுக்கச் சொன்னார். தபால்காரருக்குக் கண்ணாடி கிடைத்தது. இவருக்குப் பட்டப்பெயர் நிலைத்தது.

கணவருக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். "எங்க கல்யாணமே ரெண்டாங்கட்டந்தான் சார். முதல் கட்டத்துல அவங்க ரெண்டு தம்பிங்க படிப்பு, தங்கச்சி கல்யாணம். அப்புறந்தான் நம்ம ஃபைலை எடுத்தாங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். பொய்யில்லை. தையல்காரரின் மூத்த மகள் அவர். பாலிடெக்னிக் முடித்த கையோடு வேலைக்கு வந்து, வீட்டைக் கரை சேர்த்துவிட்டு, முப்பத்து நாலாவது வயதில்தான் கழுத்தை நீட்டினார்.

அவருடைய அறை அலுவலகத்தின் பின்பக்கத்தில் இருந்தது. ஒரு கதவைப் படுக்கப் போட்ட அளவுக்கு மேஜை. இரும்பு பீரோவின் தலையில், சுருட்டிய வரைபடங்களைச் செருகிய பிளாஸ்டிக் குழாய்கள் அடுக்கடுக்காக இருக்கும். மின்விசிறிக்கு ஒரே வேகந்தான். அது சுற்றும்போது காகிதங்கள் பறக்காமல் இருக்க, சாலை போட வந்த ஜல்லியில் நல்லதாகப் பொறுக்கிய எட்டுக் கற்களை வைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பஸ் டிப்போ. டிப்போவை ஒட்டி ஒரு காலி நிலம்.

அந்தக் காலி நிலத்தை வைத்துத்தான் வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே நேரத்தில் புயல் வந்தது.

விஷயம் இதுதான். வீடு கட்டுகிறவர்களிடம் நகராட்சி பத்து வருடமாக ஒரு கட்டணம் வசூலித்து வந்தது. விளையாட்டு, பொழுதுபோக்கு வசதிக்கு மட்டுமே அதைச் செலவழிக்கலாம் என்பது விதி. அந்தப் பணம் தொட ஆளில்லாமல் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: இந்த நிதியாண்டு முடிவதற்குள் வேலையை முடிவுசெய்து டெண்டர் விடாவிட்டால், மொத்தப் பணமும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். மீதி இருந்தது ஐந்து மாதம்.

இன்னொரு பக்கம், முதல் கட்டத்து வடிகால் பாதியில் நின்றிருந்தது. நான்கு தெருக்களின் மழைநீரைச் சேர்த்துக்கொண்டு வந்து, சரியாக அந்தக் காலி நிலத்தின் ஓரத்தில் முடிந்தது. அங்கிருந்து டிப்போவுக்கு அந்தப்புறம் ஓடும் வாய்க்காலுக்குப் போகப் பெரிய கால்வாய் வெட்ட வேண்டும். அதற்கு டிப்போவின் இடமும் கிடைக்கவில்லை, பணமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் அங்கே வந்து முட்டி, வந்த வழியே வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"செருப்பு வாங்கக் காசு இருக்கு, கால்ல கட்டுப்போடக் காசு இல்லைங்கிற கதைதான்" என்று அவர் ஆணையரிடம் சொன்னார்.

ஆணையர் புதிதாக வந்தவர். சுறுசுறுப்பானவர்; எதையாவது திறந்து வைக்க வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டிருந்தது. "அப்ப நல்ல செருப்பா வாங்கிடுவோம் மேடம். நீச்சல் குளம். குடியிருப்போர் சங்கத்துலயே மனு கொடுத்திருக்காங்க. இடமும் ரெடியா இருக்கு" என்றார்.

மனுவை வாங்கிப் பார்த்தவருக்கு அடியில் இருந்த கையெழுத்து யாருடையது என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. சங்கத் தலைவி அவருடைய நாத்தனார். கணவரின் மூத்த அக்கா.

நாத்தனார் முப்பது வருடம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கழுத்தில் சங்கிலி இருக்கிறதோ இல்லையோ, விசில் இருக்கும். சங்கக் கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கினால் ஒரு ஊது. பேச்சு நின்றுவிடும். இந்த ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து நீச்சல் குளம்தான் அவர் கனவு. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ஆணையரே ஒத்துக்கிட்டாராமே! ஏம்மா, வரைபடம் எப்பத் தருவே?"

"அக்கா, அந்த இடம் ஊர்லயே பள்ளமான இடம். நாலு தெருத் தண்ணியும் அங்கதான் வருது. முதல் மழையிலயே குளத்துக்குள்ள சாக்கடை வந்துடும்."

"சுத்தி மதில் கட்டு."

"மதில் கட்டினா அந்தத் தண்ணி உங்க தெருவுக்குத்தான் திரும்பும்."

"அப்ப என்னதான் சொல்றே?"

வாய் தவறிவிட்டது. "நீச்சல் குளம் மூணாங்கட்டம் அக்கா" என்றார்.

நாத்தனார் தட்டில் கையைக் கழுவினார். "ஊர்க்காரங்களுக்கு ரெண்டாங்கட்டம், சொந்தக்காரங்களுக்கு மூணாங்கட்டமா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. கணவர் மத்தளம் மாதிரி ஆனார். வீட்டில் மனைவி முறைப்பார். கடைக்கு வந்து அக்கா முறைப்பார். "நான் கண்ணாடி விக்கிறவன். எனக்கு ரெண்டு பக்கமும் தெளிவாத் தெரியுது. அதுதான் பிரச்சினையே" என்று அவர் புலம்பினார்.

வேண்டாம் என்று சொல்வது சுலபம். வேறென்ன என்று தேடியாக வேண்டும். மட்டம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு காலி நிலத்துக்குப் போனார். முந்தின வாரம் பெய்த மழையின் ஈரம் இன்னும் காயவில்லை. டிப்போவின் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் இரண்டு கம்புக்கு நடுவே வலை கட்டி வாலிபால் ஆடுவது அங்கேதான். தொப்பை வைத்த ஓட்டுநர் ஒருவர் வெறுங்காலோடு சேற்றை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், எங்க கிரவுண்டைப் பிடுங்கப் போறீங்களாமே?"

"இன்னும் முடிவாகல. மழை பேஞ்சா எத்தனை நாள் ஆட முடியாது?"

"நாலு நாள். அஞ்சாம் நாள் இறங்கிடுவோம். தண்ணி நிக்கிறதைப் பத்தி எங்களுக்குக் கவலையில்ல மேடம். நின்னுட்டுப் போகட்டும். போறதுக்கு ஒரு ஓட்டை இருந்தாப் போதும், மறுநாளே ஆடிடுவோம்."

அவர் கருவியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பெரிய கால்வாய்க்குத்தானே இடமில்லை? ஒரு சின்னக் குழாய் டிப்போ மதில் ஓரமாகப் போவதற்கு யார் வேண்டாம் என்பார்கள்? வாய்க்காலின் மட்டத்தைப் போய்ப் பார்த்தார். நிலத்தைவிட இரண்டரை மீட்டர் கீழே இருந்தது. அன்று மாலை வரை நிலத்தின் நாலு மூலையிலும் அளவுகோலைப் பிடிக்கச் சொல்லி அந்த ஓட்டுநரையே நிற்க வைத்துவிட்டார். மனிதர் டியூட்டிக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனார்.

இரண்டு நாளில் வரைபடம் தயாரானது. அறுபது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். பள்ளத்தின் அடியில் சமதளமான மைதானம். நாலு பக்கமும் உட்கார்ந்து பார்க்கப் படிகள். மேல் விளிம்பில் நடைபாதை. மழை கொட்டும்போது நாலு தெருத் தண்ணீரும் இதில் வந்து இறங்கும்; மூலையில் உள்ள குழாய் வழியே மெதுவாக வாய்க்காலுக்குப் போய்விடும். மைதானம், படி, நடைபாதை எல்லாமே விளையாட்டு நிதிக்கு உட்பட்டவை.

ஆணையர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மைதானமா, வடிகாலா? ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"வருஷத்துல முந்நூத்தம்பது நாள் மைதானம் சார்."

"மீதிப் பதினஞ்சு நாள்?"

"விளையாட்டுக்கு லீவு."

ஆணையர் சிரித்துவிட்டார். ஆனாலும் சங்கத்தைப் பகைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. "ஜனங்க ஒத்துக்கிட்டா நான் கையெழுத்துப் போடறேன். கூட்டம் போட்டு நீங்களே பேசுங்க" என்று பந்தை இவர் பக்கம் தள்ளிவிட்டார்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மாலை, பள்ளிக்கூடத்து மண்டபத்தில். இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முதல் வரிசையில், நடுநாயகமாக நாத்தனார். பக்கத்தில் அவர் கணவர். அதிகம் பேசாத மனிதர். அவர் குரலைக் கேட்டவர்கள் ஊரில் மிகச் சிலரே என்பார்கள். கண்ணாடிக்கடைக்காரர், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் வம்பு என்று, கடைசியில் கதவோரமாக நின்றுகொண்டார்.

இவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

விசில் ஒலித்தது.

"ஒரே ஒரு கேள்வி" என்று நாத்தனார் எழுந்தார். "நாங்க நீச்சல் குளம் கேட்டோம். நீ குழி வெட்டித் தர்றேங்கிற. அதுல இறங்கி விளையாடணும், மழை வந்தா ஏறி ஓடணும். இதுக்கா பத்து வருஷமாப் பணம் கட்டினோம்?"

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. "கிணத்துத் தவளையாக்கப் பார்க்கறாங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. ஆணையர் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளை உன்னிப்பாகப் படிக்கத் தொடங்கினார்.

இவர் தயாரித்து வைத்திருந்த காகிதத்தில் அடுத்து இருந்தது தண்ணீர்க் கணக்கு. முப்பத்தாறு லட்சம் லிட்டர். அதைப் படித்தால் ஒருவர் காதிலும் ஏறாது என்று தெரிந்தது. காகிதத்தை மடித்தார்.

"சரி. நானும் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். இங்க யார் யார் வீட்டுல ஃபிரிட்ஜ் செங்கல் மேல நிக்குது? கை தூக்குங்க."

ஒரு கை எழுந்தது. பிறகு பத்து. பிறகு அந்த நான்கு தெருக்காரர்கள் அத்தனை பேரும். ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். "உங்க வீட்லயுமா?" "எத்தனை கல்?" "மூணு." "எங்களுது நாலு!"

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் தூக்கி வைத்ததே தம்பியும் தம்பி மனைவியும்தான். ஆனால் அதைச் சொல்லிக்காட்ட இவருக்கு வாய் வரவில்லை. அப்போது நாத்தனாருக்குப் பக்கத்தில் மெதுவாக ஒரு கை எழுந்தது. பேசாத மனிதரின் கை.

"அஞ்சு கல்லு" என்றார் அவர், தெளிவாக. "வாஷிங் மெஷினுக்கும் அஞ்சு."

நாத்தனார் கணவரைப் பார்த்த பார்வையில் இன்னொருவராக இருந்தால் அங்கேயே உருகியிருப்பார். அவர் கையை இறக்கவில்லை. கதவோரத்தில் நின்ற கண்ணாடிக்கடைக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்? கொசு வராதா? யாராவது விழுந்துவிட்டால்? இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கம்பித் தடுப்பு பற்றிக் கேட்டபோது மட்டும், "அதை நான் மறந்துட்டேன், சேர்த்துக்கறேன்" என்றார். அந்தப் பதிலில்தான் பாதிப் பேர் நம்பினார்கள் என்று ஆணையர் பிற்பாடு சொன்னார். கையெண்ணிப் பார்த்ததில் குழிக்கு நூற்று நாற்பது, குளத்துக்கு ஐம்பத்தெட்டு.

தீர்மானம் நிறைவேறினாலும் டெண்டர் தலையில் கல்லைப் போட்டது. வெட்டுகிற செலவைவிட, வெட்டிய மண்ணை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டும் செலவு அதிகமாக இருந்தது. நிதி போதாது. ஒன்று ஆழத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் படிகளையும் நடைபாதையையும் விட வேண்டும். இவர் மூன்று நாள் எஸ்டிமேட்டைக் குடைந்து பார்த்தார். ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை.

நாலாம் நாள் காலை அலுவலக வாசலில் விசில் சத்தம். நாத்தனார்! பின்னால், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு கனத்த மனிதர். பக்கத்து ஊரில் தாழ்வான நிலத்தில் நூறு வீடு கட்டிக்கொண்டிருந்த கட்டட அதிபர்.

"இவன் என் ஸ்டூடண்ட்" என்றார் நாத்தனார். "ஏழாம் வகுப்பு. ஓட்டப் பந்தயத்துல குறுக்கு வழியில ஓடினவன். இப்ப வீடு கட்றான். இவனுக்கு மண்ணு வேணும். உனக்கு மண்ணு போகணும். பேசுங்க."

கட்டட அதிபர் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. "டீச்சர் சொன்னாச் சரிங்க மேடம். லாரி என்னுது. ஏத்துக்கூலியும் என்னுது."

"மண்ணுக்கு விலை?" என்றார் நாத்தனார்.

"டீச்சர், ஏத்துக்கூலியே—"

விசில் உதட்டுக்குப் போனது. மண்ணுக்கு ஒரு விலை முடிவாயிற்று. அந்தப் பணத்தில் நடைபாதைக்குப் பன்னிரண்டு விளக்கும் கம்பித் தடுப்பும் வந்தன.

மனிதர் போனபிறகு இவர் நாத்தனாருக்குத் தேநீர் வரவழைத்தார். "ஏன்க்கா? நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்களே."

"தோத்த டீம் வீட்டுக்குப் போயிடுமா? அடுத்த மேட்சுக்கு வரணும்ல. மூணாங்கட்டத்துல முதல் வரி நீச்சல் குளம்னு எழுதித் தா. இப்பவே."

எழுதிக் கொடுத்தார். தேதியும் போட்டார். நாத்தனார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தார். அவர் கணவரும் வந்தார். வழக்கம்போல் எதுவும் பேசவில்லை. ஆனால் இவர் இரண்டாம் தடவை சோறு போடும்போது வேண்டாம் என்று தடுக்கவுமில்லை.

நிதியாண்டு முடிய ஆறு நாள் இருக்கும்போது டெண்டர் கையெழுத்தானது. ஏழு மாதத்தில் மைதானம் தயார். ஆணையர் ரிப்பன் வெட்டினார். முதல் ஆட்டம் டிப்போவுக்கும் சங்கத்துக்கும். நடுவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

திறந்து இரண்டு மாதத்தில் பெருமழை வந்தது. பகல் முழுக்க அடித்து ஊற்றியது. இவர் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக விளிம்பில் நின்றார். நாலு தெருத் தண்ணீரும் மண்நிறமாகப் பாய்ந்து உள்ளே விழுந்தது. முதல் படி முழுகியது. இரண்டாவது. மூன்றாவது. தெருக்களில் கணுக்கால் அளவுக்கு ஏறிய தண்ணீர் அதற்குமேல் ஏறவில்லை. வீட்டு வாசல்களில் நின்ற ஜனங்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுக்குள்ளும் வரவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. இவர் மூலைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். குழாய் வாயில் இருந்த கம்பி வலையைப் பிளாஸ்டிக் பைகள் அடைத்துவிட்டன. வலையின் கண்ணைச் சின்னதாகப் போட்டது இவர்தான். தொப்பை ஓட்டுநர் நீளமான கம்பில் கொக்கி கட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். நாத்தனார் வேடிக்கை பார்க்க வந்தவர்களை விசில் ஊதிப் படிகளிலிருந்து விரட்டினார். ஒரு மணி நேரம் இழுத்தபிறகு மூலையில் ஒரு சுழி விழுந்தது. தண்ணீர் இறங்கிப்போக மாலையாகிவிட்டது. சேறு காய்ந்து வாலிபால் வலை கட்ட மூன்றாம் நாள் ஆயிற்று.

"மறுநாளேன்னீங்களே மேடம்?" என்றார் ஓட்டுநர்.

"மறுநாள்னு சொன்னது நீங்க. நான் எழுதி எதுவும் தரல" என்றார் இவர். ஆனாலும் அன்றைக்கே அலுவலகக் குறிப்பேட்டில் எழுதினார்: 'வலைக்கண் சிறிது. என் தவறு. பெரிதாக மாற்றுக.' மாற்றியும் விட்டார்கள். அடுத்த மழைக்குச் சொன்னபடி நடந்தது.

இரண்டாம் கட்டத்தில் மிச்சமிருந்த பூங்காவுக்கும் சின்னத் தெரு விளக்குகளுக்கும் விண்ணப்பம் போயிற்று. மேலிடம் மூன்று சான்றிதழ் கேட்டது, அனுப்பினார். இன்னும் இரண்டு கேட்டது, அதையும் அனுப்பினார். பணம் இரண்டு தவணையில் வந்தது. இவருக்கு ஓய்வுபெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. நீச்சல் குளத்துக்கு மேடான இடம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். உடை மாற்றும் அறை கிழக்கிலா மேற்கிலா என்று அவருக்கும் நாத்தனாருக்கும் ஞாயிறுதோறும் சண்டை.

காலையில் மைதானத்தின் விளிம்பில் அவரும் நடக்கப் போகிறார். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் போதும். அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வழியில் நிறுத்தி, "எங்க தெரு மூலையில பள்ளம் விழுந்திருக்கு", "பெஞ்சு ஆடுது", "அந்த விளக்கு ஏன் பகல்லயும் எரியுது?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். நிம்மதியாக நடக்க வேண்டுமென்றால் பக்கத்து ஊர்ப் பூங்காவுக்குப் போ என்று கணவர் யோசனை சொன்னார். இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்.

"என்ன ஆச்சு? அங்க அமைதியாத்தானே இருக்கு?" என்றார் கணவர்.

"அமைதிதான். ஆனா அங்க வடிகாலை மேட்டுப்பக்கமா வெட்டி வச்சிருக்காங்க. அதைப் பார்த்துட்டு எப்படிங்க சும்மா நடக்கிறது?"